மீன்குழம்புக்குள் ஐம்பது கோதுகள்

கீழ்வாசல் மணி அடித்து ஓய்வதற்குள், மேசையில் இருந்த ஐம்பது வெறும் துவக்குக் கோதுகளையும் என் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கொட்டி மூடிவிட்டேன்.

சோற்றுக்குள் அல்ல, குழம்புக்குள். அன்று என் மனைவி ரஞ்சி சாளை மீன் போட்டு, பழப்புளியைத் தாராளமாகக் கரைத்துவிட்டுக் குழம்பு வைத்துத் தந்திருந்தாள். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கலகலவென்று விழுந்தன. குழம்பு மேலெழும்பி மூடியின் ஓரத்தால் கசிந்தது. பெட்டியைப் பைக்குள் வைத்து, பையைக் குசினிக் கதிரையில் வைத்து, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நிமிடத்துக்கு முன்தான், நான் வேலை செய்கிற வீட்டுப் பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவன் கீழே பார்த்தேன். கருநீலக் கார் ஒன்று நின்றது. இரண்டு சீருடைக்காரர் இறங்கி எங்கள் வாசலைப் பார்த்து வந்தார்கள். கரபினியேரி. இந்த நாட்டில் சீருடையோடு வீட்டுக் கதவைத் தட்டுகிற பொலிஸ்காரர்.

யோசித்துச் செய்த வேலை அல்ல அது. யோசித்திருந்தால் ஐம்பது கோதுகளை மீன்குழம்புக்குள் போட எந்த மடையனுக்கு மனம் வரும்? கை செய்தது. ஏன் செய்தது என்பதைத்தான் இந்தக் கிழமை எழுதப் போகிறேன்.

என் குணம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்: நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பெட்டியில் திகதி இருந்தாலும் மணந்து பார்த்துத்தான் வாங்குவேன். வியா மக்வேதா தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் காலை வணக்கம் சொன்னால், வணக்கம் சொல்லும் முன் என் கை சட்டைப் பைக்குப் போகும்.

"உங்களோடை கடவுள் வந்து கதைச்சாலும், பெர்மெசோ இருக்கோ எண்டுதான் முதல் கேப்பியள்" என்பாள் ரஞ்சி. பெர்மெசோ என்பது இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை. கடவுளிடம் அது இருக்கிறதா என்று கேட்பதில் என்ன பிழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்த முதற் கிழமையே நான் நன்றாகப் படித்துக்கொண்டேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு மனிசன், புத்தம்புது போன் என்று சொல்லி முத்திரை குத்திய பெட்டி ஒன்றைக் காட்டினான். உள்ளே இருந்த போனை எடுத்து வெளிச்சம் போட்டும் காட்டினான். காசைக் கொடுத்து, அறைக்கு ஓடிவந்து, பெட்டியைத் திறந்தால் உள்ளே குளியலறைச் சுவரில் ஒட்டுகிற ஓடு ஒன்று, பழைய பத்திரிகையால் பக்குவமாகச் சுற்றப்பட்டு இருந்தது. அந்த ஓடு இன்றைக்கும் எங்கள் குசினியில் இருக்கிறது. ரஞ்சி அதன் மேல்தான் சுடுசட்டி இறக்கி வைப்பாள். ஒவ்வொரு நாளும் நான் பார்க்க வேண்டுமாம்.

மூன்றாம் மாடி

சிஞ்ஞோரே பிப்போவின், அதாவது பிப்போ ஐயாவின், வீடு பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். காணி அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். எண்பதை எட்டிப் பிடிக்கிற வயது. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் மிலானோவில். சமைப்பது, துடைப்பது, உடுப்புத் தோய்ப்பது, மருந்தை நேரத்துக்குக் கொடுப்பது எல்லாம் நான். அப்போது அவரிடம் எனக்கு ஏழாவது வருடம்.

அவர் இத்தாலியனில் சொல்வதை எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். அவர் குரல் எனக்குள் அப்படித்தான் கேட்கிறது.

சேர்ந்த நாட்களில் வீட்டுக் கதவில் இருந்த பித்தளைப் பெயர்ப் பலகை கறுத்துப்போய்க் கிடந்தது. நான் வீட்டிலிருந்து ஒரு உருண்டை பழப்புளி கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினேன். எங்கள் வீடுகளில் குத்துவிளக்கை அப்படித்தானே துலக்குவோம். மனிசன் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டும் காட்டினார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு பழைய சினேகிதரோடு மலைப்பக்கமாக உள்ள சுடுமைதானத்துக்குப் போய்க் கடதாசி இலக்கைச் சுடுவார். ஒரு உயிரைச் சுட்டதில்லை. லைசென்ஸ் இருந்தது, துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருந்தது, எல்லாம் முறைப்படி. சுட்ட கோதுகளை வீசாமல் பொறுக்கிக் கொண்டுவந்து, துப்புரவாக்கி, அளந்து, தோட்டாவாகத் திரும்ப நிரப்புவார். அந்தக் கோதுகள் குசினி மேசையில் ஒரு மரத் தட்டில் நிமிர்ந்து நிற்கும்.

ஏழு வருடத்தில் அந்தத் தட்டை நான் ஒருநாளும் தொட்டதில்லை. மேசையைத் துடைத்தால் தட்டைச் சுற்றித்தான் துடைப்பேன்.

அவர் கேட்ட சாமான்

ஒரு நாள் கோப்பி குடித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு கோதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு உடனே வியர்த்தது.

"சுடேக்கை இந்தப் பித்தளை நீளும். நாலைஞ்சு தரம் சுட்டால் வாய்ப்பக்கம் நீண்டு போகும். அதைச் சீவிச் சரியான நீளத்துக்குக் கொண்டு வரவேணும்" என்றார்.

"சீவாட்டி?"

"துவக்குக்குள்ளை இறுகும். இறுகினால் அமுக்கம் கூடும். என்ரை முகம் அதுக்குப் பக்கத்திலை இருக்கு."

சீவுகிற அந்தச் சின்ன மெசினுக்கு ட்ரிம்மர் என்று பெயர். அவரிடம் இருந்ததின் மரை தேய்ந்துவிட்டது. ஒரே அளவில் நிற்கவில்லை. புதிது வேண்டும், விலை குறைவாக வேண்டும், போனில் நான்தான் தேடித் தர வேண்டும். அவர் கண்ணுக்கு அந்த எழுத்தெல்லாம் எறும்பு.

அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. அடுத்ததாகச் சொன்னதுதான் பிரச்சினை.

"உம்மடை பேரிலை, உம்மடை வீட்டு விலாசத்துக்கு எடுப்பியே? என்ரை கார்ட்டிலை எடுத்தால் மகன் கண்டிடுவான். போன கிழமையும் துவக்கை வித்துப் போடுங்கோ எண்டு ஒரே சண்டை."

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம் சிஞ்ஞோரே" என்றேன்.

அந்த நேரம் என் இத்தாலியக் குடியுரிமை விண்ணப்பம் போய் மூன்றாவது வருடம். எங்கள் மகள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நாலு வயதில் இங்கே வந்தவள். அவளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் எனக்குக் கிடைத்தால் அவளுக்கும் என்னோடு சேர்ந்தே கிடைக்கும். ஒரு நாள் பிந்தினாலும் அவள் தனியாக முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். பதினெட்டுக்கு ஒரு வருடம்கூட இருக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் சிவப்பு விளக்கில் தெருவைக்கூடக் கடக்கவில்லை. இந்த நிலையில் என் பெயரில், என் விலாசத்துக்கு, தோட்டா சம்பந்தப்பட்ட ஒரு பார்சல்!

"உந்தாள் உங்களை மாட்டிவிடப் பாக்குதோ?" என்றாள் ரஞ்சி. பகிடிக்குத்தான் சொன்னாள். நான் இரண்டு நாள் அதை யோசித்தேன்.

ஏன் என் பெயர்? சினேகிதரின் பெயரில் எடுக்கலாமே? உண்மையிலேயே மகன் கார்ட்டைப் பார்க்கிறாரா? ஏழு வருடமாக அந்த வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறது. ஏழு வருடம் கழித்து நான் அந்த மனிசனைச் சந்தேகித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

குறை பிடித்த கதை

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வேறு வழி பிடித்தேன். எந்த ட்ரிம்மரைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்வது. குறை சொல்லச் சொல்ல நாள் போகும், நாள் போகப் போக மனிசன் மறந்துவிடுவார்.

ஆனால் குறை சொல்ல விசயம் தெரியவேண்டுமே! வீட்டுக்கு வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மனிசரெல்லாம் பித்தளை சீவுகிற வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்தா அப்பா! போதும்!" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை.

முதற் கிழமை, ஆக மலிவானதைப் பற்றிச் சொன்னேன். ஒரு வெட்டுக் கத்தி, நடுவில் ஒரு ஊசி. ஊசி கோதின் அடிவரைக்கும் போய் முட்டினால் வெட்டு நிற்கும். "சிஞ்ஞோரே, இதிலை நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது. ஒரு அளவுக்கு ஒரு ஊசி. உங்களிட்டை ரெண்டு துவக்கு இருக்கு. பேந்து இன்னொரு ஊசி வாங்க வேணும். மலிவு எண்டு காட்டி வேண்ட வைக்கிற வேலை."

மனிசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மெய்தான்" என்றார்.

இரண்டாம் கிழமை, ட்ரில் மெசினில் பூட்டிச் சுற்றுகிறது. "கெதியா வேலை முடியும், ஆனால் உங்கடை கை நடுங்குது. சரிச்சுப் பிடிச்சால் வாய் கோணலாப் போகும். அதோடை இதைப் புகழ்ந்து எழுதின பத்துப் பேரிலை ஏழு பேர் ஒரே வசனத்தைத்தான் எழுதியிருக்கினம். ஒருத்தனே இருந்து எழுதியிருக்கிறான்."

மூன்றாம் கிழமை, கையால் சுற்றுகிற சின்னக் கடைசல் மெசின் மாதிரி ஒன்று. ஒரு பக்கம் கோதைக் கவ்விப் பிடிக்கும், மறு பக்கம் கத்தி, சுற்ற ஒரு கைபிடி, நீளத்தை நிறுத்த ஒரு திருகு. உண்மையைச் சொன்னால் அதில் பெரிய குறை கிடைக்கவில்லை. விலையும் பரவாயில்லை. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டு ஒன்றைப் பிடித்தேன்.

"இந்தத் திருகை இறுக்கிற ஆணி பிளாஸ்டிக்கோ இரும்போ எண்டு போடேல்லை. ஏன் போடேல்லை? போடாத இடத்திலைதான் விசயம் இருக்கு."

சிஞ்ஞோரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மளவுக்கு இதைப் பற்றித் தெரிஞ்ச ஆள் எங்கடை சுடுமைதானத்திலையே இல்லை" என்றார். என்னைக் குத்துகிறாரா, புகழ்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

தட்டிலிருந்த விசில்

இனி, அந்தத் தட்டை நான் ஏன் தொடுவதில்லை என்று சொல்ல வேண்டும். தள்ளித் தள்ளி இங்கே வந்து நிற்கிறேன்.

எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் வளவு கூட்டினால் சருகோடு கோதும் வரும். பெரியவர்கள் அதைக் கண்ட கையோடு கிணற்றுக்குள் போடுவார்கள், அல்லது வாழைக்கு அடியில் புதைப்பார்கள். ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் வீட்டில் முதலில் செய்கிற வேலை அதுதான். உலை கொதித்தால் கொதிக்கட்டும், முதலில் அலுமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், பிள்ளைகளின் புத்தகப் பை. ஒரு வெறும் கோது போதும், ஒரு ஆளைக் கொண்டுபோக.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் ஒரு கோது கண்டெடுத்தேன். வாயில் வைத்து ஊதினால் விசில் மாதிரிக் கீச்சென்று கத்தும். ஒரு கிழமை பின்வளவில் நின்று, ஒருவருக்கும் தெரியாமல் ஊதினேன். ஒருநாள் காலமை பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில், சாமிப் படத்துக்குப் பக்கத்துத் தட்டில் விபூதிச் சிரட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் இருந்து குழறி அழுதுகொண்டிருந்தார். தேடுதலுக்கு வந்தவர்கள் தட்டில் ஏதோ கண்டெடுத்து என் அண்ணரைக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணருக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏ.எல். சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அண்ணர் பதினொரு மாதம் கழித்து வந்தார். சோதனை எடுக்கவே இல்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. சைக்கிள் கடை போட்டார், கலியாணம் கட்டினார், பிள்ளைகள் பெற்றார். உள்ளே என்ன நடந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. தட்டில் அதை வைத்தது யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை. ஐம்பது வயது தாண்டியும் சொல்லவில்லை. ரஞ்சிக்குக்கூட.

மணி

மணி அடித்த இடத்துக்கு வருகிறேன்.

கதவைத் திறந்தேன். முன்னால் நின்றவர் நரைத்த மீசையோடு ஒரு மரேஷல்லோ, அதாவது அவர்களில் மூத்தவர். பின்னால் ஒரு இளம் ஆள், கையில் கோப்பு. துவக்கு வைத்திருக்கிறவர்களின் வீட்டுக்கு இப்படி இடைக்கிடை வந்து பார்ப்பது இங்கே வழமையாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் கைக்குத் தெரிந்திருக்காது.

இரும்பு அலுமாரியைத் திறந்தார்கள், இலக்கங்களைக் கோப்போடு ஒப்பிட்டார்கள், தலையாட்டினார்கள். ஐந்து நிமிட வேலை. போய்விடுவார்கள் என்று நான் மூச்சுவிடும் நேரம் சிஞ்ஞோரேக்குப் பெருமைப் புளுகம் வந்துவிட்டது. "என்ரை வேலையை வந்து பாருங்கோவன்" என்று அவர்களைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மேசையில் தட்டு இருந்தது. ஐம்பது குழி இருந்தது. ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

"கோதுகள் எங்கை?" என்றார் சிஞ்ஞோரே. "காலமை இஞ்சைதானே இருந்தது?"

மரேஷல்லோ தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இளம் ஆள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். கதிரையில் இருந்த என் பையின் அடியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தரையில் சிவப்பாக ஒரு சின்னக் குளம்.

"பையைத் திறவுங்கோ" என்றார் மரேஷல்லோ. சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயம்.

திறந்தேன். பெட்டியின் மூடியை எடுத்தேன். சாளை மீன் தலைகளுக்கு நடுவே கோதுகள்.

மகளின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு, பெட்டைக்கு நான் குழி வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது சிஞ்ஞோரே பிப்போ சிரித்தார். "ஓ, நான்தான் குடுத்தனான். மறந்து போனன் பாருங்கோ. இவையள் புளியிலை போட்டுத்தான் பித்தளை துலக்கிறவை. என்ரை கதவுப் பலகையைப் பாத்தனீங்களோ? இவர்தான் செய்தவர்."

பொய். பச்சைப் பொய். எண்பது வயது மனிசன், லைசென்ஸ் வைத்திருக்கிறவர், பொலிஸ்காரருக்கு முன்னால் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிற்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

என்னால் ஏலவில்லை. நான் வைத்த கோதுக்கு இன்னொரு மனிசன் நின்று பதில் சொல்வதை இரண்டாம் தரம் பார்க்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

"இல்லை" என்றேன். "அவர் தரேல்லை. நான்தான் ஒளிச்சனான். உங்களைக் கண்டு பயந்து ஒளிச்சனான்."

"ஏன்?" என்றார் மரேஷல்லோ.

சொன்னேன். என்னிடம் இருந்த அரைகுறை இத்தாலியனில், வினைச்சொல் எல்லாம் முன்பின்னாக, விசிலைச் சொன்னேன், தட்டைச் சொன்னேன், பதினொரு மாதத்தைச் சொன்னேன். என் தாய்மொழியில் ஒருவருக்கும் சொல்லாததை இரண்டு சீருடைக்காரருக்கும் ஒரு கிழவருக்கும் சொன்னேன். கண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை, கையெல்லாம் மிளகாய்க் குழம்பு.

மரேஷல்லோ கதிரை இழுத்து இருந்தார். "இஞ்சை வெறும் கோதுக்கு ஒரு சட்டமும் இல்லை" என்றார். "மாலை கட்டிக் கழுத்திலை போட்டாலும் ஒருத்தரும் கேக்க மாட்டினம்." பிறகு இளம் ஆளிடமிருந்து கோப்பை வாங்கி இன்னொரு தாளை எடுத்தார். "உம்மடை பேர் என்ன?"

சொன்னேன். தாளில் விரலை வைத்தார். "குடியுரிமை கேட்டிருக்கிறீர். நாங்கள் ரெண்டு வேலையாத்தான் வந்தனாங்கள். துவக்கும் பாக்க வேணும், உம்மைப் பற்றியும் விசாரிக்க வேணும்."

கையிலிருந்த மூடியால் குழம்புப் பெட்டியைத் திரும்ப மூடினேன்.

மரேஷல்லோ சிஞ்ஞோரே பக்கம் திரும்பினார். "இந்த ஆளை நம்பலாமோ?"

"நானோ? நான் நம்பிறன். அவர்தான் என்னை நம்பிறேல்லை" என்றார் சிஞ்ஞோரே. "மூண்டு கிழமையா ஒரு ட்ரிம்மர் எடுத்துத் தாரும் எண்டு கெஞ்சிறன். அவரின்ரை பேரிலை எடுத்தால் ஏதும் கரைச்சல் வரும் எண்டு பயம். வாய் திறந்து சொல்ல மாட்டார். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு குறை. எல்லாம் உண்மையான குறை, அதுதான் பகிடி! ஒரு பொய்க் குறைகூடச் சொல்லேல்லை. இப்பிடி ஒரு ஆளிட்டைத்தான் வீட்டுச் சாவியைக் குடுத்து வைச்சிருக்கிறன்."

அப்படியென்றால் மனிசனுக்கு எல்லாம் முதலே தெரிந்திருக்கிறது. ஏழு வருடம் நான் அவரைக் கவனித்ததாக நினைத்தேன்.

மரேஷல்லோ ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வாசலில் தொப்பியைப் போட்டபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கையாலை சுத்திறதை எடுங்கோ. ஆணி இரும்புதான். நானும் அதைத்தான் வைச்சிருக்கிறன்."

அதன் பிறகு

கோதுகளைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினோம். அரை மணித்தியாலம் பழப்புளிக்குள் கிடந்ததில் எல்லாம் குத்துவிளக்குப் போலப் பளபளத்தன. சிஞ்ஞோரேக்குப் பெரிய சந்தோசம். ஆனால் வாசம் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை சினேகிதர், உன்ரை துவக்கிலை என்ன மீன் வாசம் என்று கேட்டாராம்.

ட்ரிம்மரை அன்று பின்னேரமே எடுத்தேன். என் பெயரில், என் வீட்டு விலாசத்துக்கு. பார்சல்காரன் வந்து மணி அடித்தபோது, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். உள்ளே ஓடு இருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கத் தவறவில்லை. அதை என்னால் விட முடியாது.

குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது மகளுக்குப் பதினெட்டாக இன்னும் ஏழு கிழமை இருந்தது. ரஞ்சி கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். மகள் அதைப் படம் பிடித்துச் சினேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். நான் பல்கனிக்கு வந்து ஊருக்கு போன் எடுத்தேன். அங்கே அண்ணர் கடை பூட்டுகிற நேரம்.

சந்தோசச் செய்தியைச் சொன்னேன். அண்ணர் பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். தட்டிலை இருந்த கோது."

"எந்தக் கோது?"

"உங்களைக் கொண்டுபோன அண்டைக்கு. அது நான் வைச்சனான். விசில் ஊதிறதுக்கு."

அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் மணி கேட்டது. யாரோ போய்வருகிறேன் என்று சொல்வது கேட்டது.

"ஓம், தெரியும்" என்றார் அண்ணர்.

"எப்பிடித் தெரியும்?"

"நீ பின்வளவிலை ஊதினால் முன் றோட்டுக்கும் கேக்கும், விசரா. ஒரு கிழமையா ஊதினனி. நான் அதைப் பறிச்சு எறிவம் எறிவம் எண்டு இருந்தனான். படிப்பிலை மறந்து போனன்."

அண்ணரே தொடர்ந்தார்.

"ஆரின்ரை கோது எண்டு கேட்டாங்கள். என்ரை எண்டு சொன்னன். அப்ப மணி ரெண்டாகப் போகுது, நீ பள்ளிக்கூடத்தாலை வாற நேரம். நீ வாறதுக்குள்ளை அவங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட வேணும் எண்டுதான் எனக்கு அவதி."

பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கீழே சனம் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

அண்ணர் நான் ஓயும்வரை லைனிலேயே நின்றார். பிறகு கதையை மாற்றுவதற்காகக் கேட்டார்: "இப்ப என்னத்துக்கு உது ஞாபகம் வந்தது?"

சிஞ்ஞோரேயின் கதை முழுவதையும் சொன்னேன். மீன்குழம்பில் வரும்போது சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். மெசின்களைப் பற்றி விபரமாகக் கேட்டார். சைக்கிள்காரர் அல்லவா, மரையும் ஆணியும் அவருக்கும் பிடிக்கும்.

"அப்ப அந்தக் கையாலை சுத்திற மெசின் வந்து சேந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை, வந்திட்டுது."

"ஆரின்ரை பேரிலை வந்தது?"

"என்ரை" என்றேன்.